பாய் விரிக்கும் முன்: படகில் ஏறுவோர் அறிய வேண்டிய சொற்கள்

பேராக் ஆறு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் ஓடி, மலாக்கா நீரிணையில் கலக்கும் இடம் பாகான் டத்தோ. 'பாகான்' என்னும் மலாய்ச் சொல்லுக்கே படகு அணையும் துறை என்று பொருள். 2017இல் பேராக்கின் 12ஆவது மாவட்டமாகத் தனியே பிரிக்கப்பட்ட பிறகு, தென்னந்தோப்புகளுக்காக அறியப்பட்ட இவ்வட்டாரம் கடலுக்காகவும் பேசப்படுகின்றது. நேர் மேற்கே செம்பிலான் தீவுகள். வடமேற்கே, நேர்க்கோட்டில் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், கடற்படைத் தளம் அமைந்த லுமுட். பாய்மரப் படகுகளும் அங்கே கட்டி நிறுத்தப்பட்டிருக்கும்.

தோட்டத்தில் பிறந்து கடலோரத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளில் பலருக்கு அந்தப் படகுகள் தூரத்துக் காட்சிதான். பாய்மரப் படகோட்டம் பணக்காரர் விளையாட்டு என்ற எண்ணம் ஒரு காரணம். எல்லாம் ஆங்கிலத்திலேயே நடக்கும் என்ற தயக்கம் இன்னொரு காரணம். முதலாவதை ஒரே கட்டுரையில் தீர்க்க முடியாது. இரண்டாவதைத் தீர்க்கலாம், ஏனெனில் தொடக்கநிலையில் தெரிய வேண்டிய சொற்கள் முப்பதைத் தாண்டுவதில்லை. அவற்றில் பலவற்றுக்குத் தமிழ்ச் சொல் ஏற்கெனவே இருக்கின்றது.

சொல் தெரியாவிட்டால் என்ன ஆகும்? படகின் பின்னால் அமர்ந்த பயிற்றுநர் "ஜைப்!" என்று கத்துகிறார். அடுத்த கணமே பாயின் அடியில் கிடக்கும் நீண்ட கம்பு படகின் குறுக்கே தலை உயரத்தில் வீசிக்கொண்டு வரும். பொருள் தெரிந்த பிள்ளை குனிந்துவிடும். தெரியாத பிள்ளை "என்ன?" என்று திரும்பிப் பார்க்கும். அதற்குள் கம்பு வந்துவிடும். கரையில் ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் சிரித்துவிட்டுப் போகலாம். படகில் அப்படியல்ல.

இடது, வலது என்று ஏன் சொல்வதில்லை?

படகின் முன்பகுதி 'பௌ', பின்பகுதி 'ஸ்டெர்ன்'. மலாயில் ஹாலுவான், புரித்தான். முன்பகுதிக்குத் தமிழில் 'அணியம்' என்ற அழகான சொல் உண்டு. ஈழத்து மீனவரும் தமிழகத்து மீனவரும் அதை வழங்குகின்றனர்.

அணியத்தை நோக்கி நின்றால் இடப்பக்கம் 'போர்ட்', வலப்பக்கம் 'ஸ்டார்போர்ட்'. இடது, வலது என்றே சொன்னால் என்ன என்று பலரும் கேட்பர். படகில் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்வதில்லை. ஒருவர் முன்னே பார்ப்பார், ஒருவர் பின்னே, இன்னொருவர் பக்கவாட்டில். ஆளுக்கொரு இடது இருந்தால் கட்டளை குழம்பும். போர்ட் என்பது ஆளின் இடது அன்று, படகின் இடது. யார் எப்படித் திரும்பினாலும் அது மாறாது.

பழங்காலத்தில் வட ஐரோப்பியக் கப்பல்களின் வலப்பக்கத்தில்தான் திசை திருப்பும் துடுப்பைப் பொருத்தினர். அந்தத் திருப்புப் பலகையின் பெயரே 'ஸ்டார்போர்ட்' எனத் திரிந்தது. துடுப்பு இடித்துவிடும் என்பதால் துறைமுகத்தில் இடப்பக்கத்தை அணைத்துக் கட்டினர். இடப்பக்கத்துக்கு முன்பு 'லார்போர்ட்' என்று பெயர். புயலிரைச்சலில் லார்போர்ட்டும் ஸ்டார்போர்ட்டும் ஒன்றுபோல் காதில் விழுந்ததால், 1844இல் பிரிட்டிஷ் கடற்படை 'லார்போர்ட்' என்ற சொல்லையே கைவிட்டு 'போர்ட்' என்பதை விதியாக்கியது. காதில் தெளிவாக விழுவதற்காக ஒரு கடற்படை தன் பழஞ்சொல்லையே தூக்கி எறிந்தது என்றால், கடலில் ஒரு சொல்லின் எடை எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளலாம்.

நினைவில் வைக்க ஒரு வழி: போர்ட், லெஃப்ட், மலாயின் கிரி. ரோமன் எழுத்தில் எழுதினால் மூன்றுமே நான்கெழுத்துச் சொற்கள். இரவில் போர்ட் பக்கம் சிவப்பு விளக்கும் ஸ்டார்போர்ட் பக்கம் பச்சை விளக்கும் எரியும். ஆற்றுமுகத்தில் இருட்டில் எதிரே சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால், அந்தப் படகு நேராக நம்மை நோக்கி வருகின்றது.

ஷீட் என்பது துணி அன்று

நிமிர்ந்து நிற்கும் மரம் பாய்மரம். அதன் அடியிலிருந்து படுக்கைவாட்டில் நீண்டு, பாயின் கீழ்விளிம்பைத் தாங்கும் கம்பு 'பூம்'. மேலே சொன்ன ஆபத்தான கம்பு இதுதான். பாயை மேலே ஏற்றும் கயிறு 'ஹாலியார்ட்'. தமிழில் ஆஞ்சான். கயிறு ஓடும் சக்கரம் கப்பி. திசை திருப்பும் பலகை 'ரடர்', தமிழில் சுக்கான், மலாயில் கெமுடி. சுக்கானைப் பிடித்துத் திருப்பும் கைப்பிடி 'டில்லர்'.

டில்லர் புதியவர்களைக் கட்டாயம் ஏமாற்றும். காரின் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் கார் வலப்பக்கம் போகும். டில்லரை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். முதல் நாள் எல்லாரும் இதில் தடுமாறுவர். இரண்டாம் நாள் கை பழகிவிடும்.

அதிகம் குழப்பும் சொல் 'ஷீட்'. கட்டில் விரிப்பை நினைத்துக்கொண்டு அதைப் பாய் என்று பொருள் கொள்பவர் உண்டு. ஷீட் என்பது பாயை இழுக்கவும் தளர்த்தவும் உதவும் கயிறு. தமிழகக் கடலோரத்தில் இதற்குத் 'தாமான்' என்று பெயர். படகின் விசை, நிறுத்தம் இரண்டுமே இந்தக் கயிற்றில் அடங்கும். இழுத்தால் பாய் காற்றைப் பிடிக்கும், படகு ஓடும். விட்டால் பாய் கொடிபோல் படபடக்கும், படகு வேகம் தணியும். அந்தப் படபடப்புக்கு 'லஃபிங்' என்று பெயர். காற்று மிஞ்சிப் படகு ஒருக்களித்துச் சாய்கின்றது, பயம் வருகின்றது என்றால் முதலில் செய்ய வேண்டியது ஷீட்டைக் கைவிடுவதுதான். பயத்தில் மனிதக் கை இறுகப் பிடிக்கவே முயலும். அதை எதிர்த்துப் பழக வேண்டும்.

படகின் நடுவே தண்ணீருக்குள் செங்குத்தாக இறங்கும் பலகை 'டேகர்போர்ட்'. பாகான் டத்தோவில் இதைத் தனியே கவனிக்க வேண்டும். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் இங்கே கரையோரம் வெகுதூரம் ஆழமற்ற சேறாகக் கிடக்கின்றது. பலகையை முழுதாக இறக்கி வைத்தால் சேற்றில் குத்திக்கொள்ளும். அதற்காக மேலே தூக்கிவிட்டாலோ, படகு காற்று தள்ளும் பக்கமே நண்டுபோல் நகரும்.

காற்றை எதிர்த்துப் போவது எப்படி?

காற்று வரும் பக்கம் 'விண்ட்வர்ட்', காற்று போகும் பக்கம் 'லீவர்ட்'. இதற்கு மேல் ஒரு நுணுக்கம் உண்டு. காற்றுக்கு அது புறப்படும் திசையை வைத்துப் பெயரிடுவர். மேற்கிலிருந்து வருவது மேல்காற்று. நீரோட்டத்துக்கு அது போய்ச் சேரும் திசையை வைத்துப் பெயரிடுவர். தமிழும் காற்றுக்கு இதே வழக்கத்தையே பின்பற்றியது. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல், கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். மேற்கிலிருந்து வருவதைக் கடலோரத்தார் கச்சான் என்பர். தமிழ்ப்பள்ளி மாணவர் செய்யுளில் படித்த தென்றலும் வாடையும் முதலில் மாலுமிக்குத் தேவைப்பட்ட திசைச் சொற்களே.

காற்று பின்னாலிருந்து தள்ளினால் படகு போவது யாருக்கும் புரியும். இதற்கு 'ரன்னிங்' என்று பெயர். பக்கவாட்டிலிருந்து வந்தால் 'ரீச்சிங்'. புதியவர்களுக்கு எளிதானதும் பெரும்பாலும் வேகமானதும் அதுதான். காற்று முன்பக்கம் சாய்வாக வரும்போதும் படகு முன்னேறும் என்பதைத்தான் பலர் நம்ப மறுப்பர். அப்படிப் போவது 'குளோஸ் ஹால்ட்'. உரித்த ரம்புத்தான் பழத்தை இரு விரல்களுக்கு இடையே அழுத்தினால் அது பக்கவாட்டில் போகாமல் வழுக்கி முன்னே பாயும் அல்லவா? இங்கே ஒரு விரல் பாயின் மேல் படும் காற்று. மற்றொரு விரல் டேகர்போர்ட்டை எதிர்க்கும் தண்ணீர். படகுக்கு முன்னே போவதைத் தவிர வேறு வழி இல்லை.

அதற்கும் எல்லை உண்டு. காற்று வரும் திசைக்கு இருபுறமும் சுமார் 45 பாகை வரை எந்தச் சாதாரணப் பாய்மரப் படகும் போக முடியாது. அந்த வெளிக்குள் அணியத்தை நுழைத்தால் பாய் படபடத்து, படகு அப்படியே நின்றுவிடும். காலில் விலங்கு மாட்டப்பட்ட கைதியை நினைத்தே ஆங்கில மாலுமிகள் இந்நிலையை 'இன் அயர்ன்ஸ்' என்றனர். விடுபட ஒரு வழி: பூமை வெளியே தள்ளி, டில்லரையும் அதே பக்கம் தள்ளிக் காத்திருக்க வேண்டும். படகு மெல்லப் பின்வாங்கித் திரும்பும். திரும்பியதும் இரண்டையும் தன் பக்கம் இழுத்தால் மீண்டும் ஓடத் தொடங்கும்.

இதைப் பாகான் டத்தோவிலேயே பொருத்திப் பார்க்கலாம். ஆற்றுமுகத்திலிருந்து செம்பிலான் தீவுகளுக்கு நேர் மேற்கே போக வேண்டும். காற்றும் மேற்கிலிருந்தே வீசுகின்றது. நேராகப் போக முடியாது. தென்மேற்கே கொஞ்ச தூரம், பிறகு வடமேற்கே கொஞ்ச தூரம் என்று மாறி மாறி ஓட வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் அணியம் காற்றின் குறுக்கே கடக்கும். அதுதான் 'டேக்'. பயிற்றுநர் "ரெடி அபவ்ட்" என்று எச்சரித்து, "லீ-ஹோ" என்று கத்திவிட்டுத் திருப்புவார். முதல் கட்டளைக்குத் தயாராக வேண்டும், இரண்டாவதற்குக் குனிந்து மறுபக்கம் மாற வேண்டும்.

அணியத்துக்குப் பதில் படகின் பின்பகுதி காற்றைக் கடந்தால் அது 'ஜைப்'. டேக் செய்யும்போது பூம் நடுவருகே இருக்கும், படபடத்துக்கொண்டு மெதுவாக மாறும். ஜைப்பில் அது ஒரு பக்கத்தின் கோடியிலிருந்து மறுபக்கத்தின் கோடிவரை காற்றின் முழு விசையுடன் ஒரே வீச்சில் பாயும். காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு சுகமாகப் போகும்போது, கவனமின்றி டில்லரைச் சற்றுத் தள்ளினாலும் இது தானே நடந்துவிடும். பாய்மரப் படகில் தலையில் அடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான். ஒரே ஒரு சொல்லைத்தான் மனப்பாடம் செய்ய முடியும் என்றால், அது ஜைப் ஆகவே இருக்கட்டும்.

பாய் மட்டுமே இருந்த காலத்து மீனவருக்கு இந்த வளைந்தோடும் வேலையைக் குறைக்க ஒரு வழி இருந்தது. இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிரும். அதனால் பின்னிரவில் கரையிலிருந்து கடலை நோக்கி மென்காற்று வீசும். அதைப் பின்னால் வாங்கிக்கொண்டு விடியும் முன் கிளம்புவர். பகலில் நிலம் சூடேறி, பிற்பகலில் காற்று கடலிலிருந்து கரைக்குத் திரும்பும். அதே காற்றில் அவர்களும் திரும்புவர். புறநானூற்றின் 66ஆம் பாடலில் வெண்ணிக் குயத்தியார் கரிகாலனின் முன்னோரைக் காற்றின் இயக்கத்தை அறிந்து ஆண்டு கலம் செலுத்தியவர்களாகப் போற்றுகிறார். அந்த அறிவின் அன்றாட வடிவம்தான் இது.

மோட்டார் வந்ததும் இந்த அறிவு மெல்ல விலகியது. ஆனால் கடைசிவரை கைவிடாதவரும் இருந்தனர். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, அதைத் தமிழ் மாலுமிகளே 1938இல் அட்லாண்டிக் கடந்து அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தனர்.

சொற்களும் இப்படியே கடல் கடந்தவை. மலாயில் கப்பலைக் குறிக்கும் 'காப்பால்' தமிழிலிருந்து போனது. உலகெங்கும் இரட்டைப் படகுக்கு வழங்கும் 'கேட்டமரான்' நம் கட்டுமரம்தான், அசல் கட்டுமரம் வெறும் மரத்துண்டுகளின் கட்டு என்றாலும். பதிலுக்கு நாமும் வாங்கினோம். நாம் தமிழென்றே நினைக்கும் சுக்கான் அரபு, நங்கூரம் பாரசீகம். ஆகவே போர்ட், ஜைப் என்று சொல்வதால் தமிழுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பயிற்றுநர் எந்த மொழியில் கத்துகிறாரோ அந்தச் சொல்லுக்கே கை அசைய வேண்டும். அதன் பொருள் தாய்மொழியில் மனத்தில் பதிந்திருந்தால் கை இன்னும் விரைவாக அசையும்.

நீரிணையின் இயல்பு

வேகத்தின் அளவு 'நாட்'. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். முடிச்சுகள் போட்ட கயிற்றைக் கடலில் விட்டு, குறித்த நேரத்துக்குள் எத்தனை முடிச்சு கைவழியே ஓடியது என்று எண்ணியதால் வந்த பெயர். புதியவர்களுக்கு 10 நாட் வரையிலான காற்று போதும், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் அளவு.

இந்த அளவு எப்போதும் நிலைப்பதில்லை. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் 'சுமத்ரா' எனப்படும் திடீர்ப் புயல்வரிசை இரவில் உருவாகி, நீரிணையைக் கடந்து, விடியலுக்கு முன்போ காலையிலோ மேற்குக் கரையைத் தாக்கும். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசக்கூடும். மேற்கு வானில் கருமேகம் சுவர்போல் எழுந்து வந்தால் பாய் விரிக்கக் கூடாது. மலேசிய வானிலை ஆய்வுத் துறை இடிமழை, பலத்த காற்று எச்சரிக்கைகளை வெளியிடுகின்றது. கிளம்பும் முன் பார்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும்.

அடுத்தது ஓதம். மலாயில் பாசாங் என்றால் ஏற்றம், சுருட் என்றால் வற்று. நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே ஆறு மணிநேரத்துக்குச் சற்று மேல். ஒவ்வொரு நாளும் நேரம் சுமார் 50 நிமிடம் பின்தள்ளும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றும் மிகும். ஏற்றத்தில் கிளம்பிய துறை, திரும்பும்போது வெறும் சேறாகக் கிடக்கலாம். ஆற்றுமுகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வற்றுநீரும் ஆற்றுநீரும் சேர்ந்து மேற்கே ஓடும் வேளையில் காற்று மேற்கிலிருந்து எதிர்த்து வீசினால், அலை குறுகிச் செங்குத்தாக எழும். கரையிலிருந்து பார்ப்பவருக்கு அது அவ்வளவாகத் தெரியாது.

வழிவிடும் விதிகளில் இரண்டு போதும். இரு பாய்மரப் படகுகள் எதிர்ப்படும்போது, போர்ட் பக்கம் காற்று வாங்கும் படகு வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் காற்று வாங்கினால், காற்று வரும் பக்கத்தில் இருப்பது விலக வேண்டும். மோட்டார் படகு பொதுவாகப் பாய்மரப் படகுக்கு வழிவிட வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டின் அனைத்துலகக் கடல் விதி. அதை நம்பி குறுகிய கால்வாயில் பெரிய கப்பலுக்கு முன்னே போய் நிற்கக் கூடாது. அங்கே ஒதுங்க வேண்டியது சிறு படகுதான் என்று அதே விதி சொல்கின்றது.

கவிழ்ந்தால்?

சிறு படகு கவிழும். 'கேப்சைஸ்' என்னும் இச்சொல் பெற்றோரைப் பயமுறுத்துவது இயல்பு. ஆனால் பயிற்சியில் வேண்டுமென்றே கவிழ்த்துத்தான் கற்றுக்கொடுப்பர். பிள்ளைகள் தொடங்கும் 'ஆப்டிமிஸ்ட்' படகு 1947இல் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வடிவமைத்தது. 35 கிலோ எடை, ஒரே பாய், மூக்கு சப்பையான தொட்டி போன்ற உருவம். 15 வயது வரை அதில் போட்டியிடலாம். கவிழ்ந்தால் டேகர்போர்ட்டின் மேல் எடையைப் போட்டு நிமிர்த்தலாம். நிமிர்த்த முடியாவிட்டாலும் படகை விட்டு நீந்திப் போகக் கூடாது. கரை பக்கமாகத் தெரியும், ஆனால் நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்கும். மிதக்கும் படகைத் தேடி வருவோர் எளிதில் காண்பர், ஒரு தலையைக் காண்பது அரிது. பாதுகாப்பு மேலாடையின் வார்களைக் கரையிலேயே இறுக்கிக் கட்ட வேண்டும். கரையிலிருந்து பார்ப்பவர் 999க்கு அழைக்கலாம்.

சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2009இல் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடை முகாமில்தான் முதன்முதலில் இதைப் பழகினார். அப்போது அவருக்கு 11 வயது. தோக்கியோ ஒலிம்பிக்கிற்குத் தேர்வுபெற்று, அத்தகுதியைப் பெற்ற முதல் இந்தியப் பாய்மரப் படகு வீராங்கனை ஆனார். அதே தோக்கியோ போட்டியில், அதே ஒற்றையர் பிரிவில், மலேசியாவின் நூர் ஷாஸ்ரினும் பாய் விரித்தார்.

படகில்லாமலே வீட்டில் தொடங்கக்கூடிய பாடம் முடிச்சு. ஒரு மீட்டர் கயிறு போதும். முதலில் எட்டு வடிவ முடிச்சு: கயிற்று நுனியில் ஒரு வளையம் போட்டு, நுனியை நின்ற கயிற்றின் பின்னே சுற்றி, முன்பக்கமாக வளையத்துக்குள் விட்டு இழுத்தால் எட்டு என்ற எண் போலவே தெரியும். ஷீட்டின் நுனியில் இதைப் போட்டுவைத்தால் கை நழுவினாலும் கயிறு கப்பியை விட்டு ஓடிப்போகாது. அடுத்து 'போலைன்': எவ்வளவு இழுத்தாலும் இறுகாத, இழுவை நின்றதும் எளிதில் அவிழும் வளையம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் போட வரும்வரை பழக வேண்டும்.